அம்மா அழுத்தாத பொத்தான்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. எட்டு வயதில் எனக்கு மூளையில் கட்டி வந்தது. வலது காதுக்கு மேலே, உள்ளே. வெட்டி எடுத்தார்கள். மிச்சம் எதுவும் தங்கிவிடக் கூடாதென்று அந்த இடத்துக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள்.
2. கட்டி திரும்பி வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அம்மா என்னைச் சபைக்கு முன்னால் நிறுத்தி, கர்த்தர் குணமாக்கிய பிள்ளை என்று சாட்சி சொன்னார்.
3. படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, வயிற்றிலிருந்து ஏதோ எழும்பித் தொண்டைவரை வரும் உணர்வு இடையிடையே வந்தது. யாருக்கும் சொல்லவில்லை.
4. ஒரு ஞாயிறு ஆராதனையில் நான் அந்நிய பாஷை பேசினேன். அதற்கு வியாக்கியானம் சொல்லப்பட்டது. அதன்படி சபை இடம் மாறியது.
5. வேலைத்தளத்தில் விழுந்து கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு நோய் என்றார்கள்.
6. முதல் மருந்து கேட்கவில்லை. இரண்டாவதும் கேட்கவில்லை. மூன்றாவது தூக்கத்தைத்தான் தந்தது.
7. கதிர் கொடுத்த இடத்திலிருந்துதான் வலிப்பு கிளம்புகிறது போலிருக்கிறது, அதை உறுதிப்படுத்த முடிந்தால் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்றார்கள்.
8. உறுதிப்படுத்தும் நாளில் அம்மா ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தவில்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர்ப் பம்புகளைச் சோதிக்கும் பொறியாளர். ஏதாவது பழுதானால் இப்படி வரிசையாக எழுதி, தவறு எந்த இடத்தில் நுழைந்தது என்று தேடுவதுதான் என் வேலை. இந்த வரிசையைப் பார்ப்பவர்கள் எட்டாவதில் விரல் வைப்பார்கள். எனக்கு அதிகம் வெட்கம் தருவது நான்காவது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் சபை அப்போது கோல்டிங் என்ற டேனிஷ் நகரில் ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் கூடியது. தரையில் கூடைப்பந்துக் கோடுகள். அவற்றின் மேல் கதிரைகளை வரிசையாக வைத்து ஞாயிறு மத்தியானம் ஆராதனை. பெந்தெகொஸ்தே சபைகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: ஆராதனை உச்சத்துக்கு வரும்போது சிலர் யாருக்கும் விளங்காத மொழியில் பேசுவார்கள். அதை அந்நிய பாஷை என்போம். பரிசுத்த ஆவி ஒருவரில் இறங்கியதற்கு அது அடையாளம். அதன் பொருள் இன்னொருவருக்கு உணர்த்தப்படும். அவர் எழும்பித் தமிழில் சொல்வார். அதுதான் வியாக்கியானம். இதை நான் கேலியாக எழுதவில்லை. சின்ன வயதிலிருந்தே அதற்காக ஏங்கியவள் நான். என்னோடு ஞாயிறு பள்ளியில் இருந்த எல்லோருக்கும் அது கிடைத்தது. குணமாக்கப்பட்ட பிள்ளை என்று பேரெடுத்த எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு சபை ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பாடசாலை தன் மண்டபத்தைத் திரும்பக் கேட்டிருந்தது. கோல்டிங்கிலேயே ஒரு சிறிய இடம் கிடைக்கும். வடக்கே வைலேயில் ஒரு பெரிய இடம் கிடைக்கும். எதற்குப் போவது என்று கேட்டு எல்லோரும் கை உயர்த்திச் செபித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நினைவிருப்பது வயிற்றிலிருந்து எழும்பிய அந்த உணர்வு. அதற்கு அடுத்ததாக நினைவிருப்பது, நான் கதிரையில் இருக்க, பக்கத்துக் கதிரையில் இருந்த செல்வராணி அன்ரி என் வாயோரத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை, கர்த்தர் உன்னைக் கொண்டெல்லோ கதைச்சவர்!" என்றார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

நான் பேசினேனாம். என் இடது கை மேலே போய் விறைத்து நின்றதாம். எல்லோரும் கையை இறக்கிய பிறகும் என் கை இறங்கவில்லையாம். வியாக்கியானமும் செல்வராணி அன்ரிக்கே கிடைத்தது: என் ஜனம் வடக்கே போகட்டும். கோடை முடிவதற்குள் சபை வைலேக்கு மாறியது.

எங்கள் வீடு வைலேயில்தான். அப்பா சைவக் குடும்பத்தில் பிறந்து, அம்மாவுக்காகச் சபைக்கு வந்து கடைசி வரிசையில் இருப்பவர். அன்று காரில் திரும்பும்போது சொன்னார்: "கர்த்தருக்கு எங்கட வீட்டு விலாசம் நல்லாத் தெரிஞ்சிருக்கு. இனிப் பெற்றோல் மிச்சம்."

"உங்களுக்கு எல்லாம் பகிடி," என்றார் அம்மா. ஆனால் குரலில் கோபம் இல்லை. முன் இருக்கையிலிருந்து திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் கட்டி வந்த நாளிலிருந்து அம்மாவின் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். மிகவும் பெருமையாக இருந்தது.

அந்த மாற்றத்தில் அடிபட்டவர்கள் சாமுவேல் அங்கிளும் ஞானம் அன்ரியும். இருவருக்கும் வயது எழுபதுக்கு மேல். கோல்டிங் மண்டபத்துக்கு நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். வைலேக்கு வருவதென்றால் பஸ், பிறகு ரயில், பிறகு ஒரு மேடு. அங்கிளின் முழங்கால் அந்த மேட்டுக்கு ஒத்துவராது. மழைக்காலம் தொடங்கியதும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு கலியாண வீட்டில் ஞானம் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் சொன்னாப் பிறகு நாங்கள் என்ன சொல்லுறது பிள்ளை," என்றார். குறையாகச் சொல்லவில்லை. என் கையை மெதுவாகத் தடவிக்கொண்டே சொன்னார்.

*

வேலைத்தளத்தில் விழுந்தது அடுத்த வருடம். சோதனை மேசைக்குப் பக்கத்தில், ஓடிக்கொண்டிருந்த பம்பின் சத்தத்தில், என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க விழுந்தேன். கண் திறந்தபோது என் இடுப்புக்கு மேல் யாருடையதோ குளிர்ச்சட்டை கிடந்தது. ஏன் போர்த்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் பிறகுதான் உணர்ந்தேன். காற்சட்டை நனைந்திருந்தது. அதைப் போட்டவர் யார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஸ்கான் எடுத்த பிறகு நரம்பியல் மருத்துவர் படத்தைத் திரையில் காட்டினார். பழைய கட்டி இருந்த இடத்தின் ஓரத்தில் ஒரு தழும்பு. அதற்குள் திராட்சைக் குலைபோல ஒரு சிறிய முடிச்சு. அவர் விளக்கியதை என் சொல்லில் எழுதுகிறேன். கதிர், கட்டியின் உயிர்க்கலங்களை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்வதில்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல கலங்களையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் தொட்டுவிட்டுப் போகிறது. அந்தச் சேதம் உடனே தெரிவதில்லை. சிலருக்குப் பல வருடங்கள் கழித்து அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. மெல்லிய சுவருள்ள இரத்தக் குழாய்கள் முடிச்சாகத் திரள்கின்றன. அதைச் சுற்றியுள்ள மூளை எரிச்சலடைந்து, வேண்டாத நேரத்தில் மின்சாரத்தை வீசுகிறது. அதுதான் வலிப்பு. எல்லா வலிப்பும் விழுத்துவதில்லை. சிறியது வந்தால் ஆள் விழாமல் இருந்தபடியே நினைவு தப்பி, வாயை அசைத்து, ஏதாவது முணுமுணுக்கவும் கூடும்.

அந்தக் கடைசி வசனத்தை நான் கேட்டேன். கேட்டு, தலையாட்டி, வீட்டுக்கு வந்தேன்.

ஒரு பம்பில் இரண்டு இடத்தில் அதிர்வு வந்தால், இரண்டுக்கும் ஒரே காரணமா என்பதுதான் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. என் விஷயத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. வேலைத்தளத்தில் வந்தது வருத்தம், நோய்; சபையில் வந்தது ஆவியின் அபிஷேகம். இரண்டையும் இரண்டு அறைகளில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். அம்மாவும் அப்படித்தான். நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்து ஒத்துக்கொள்ளவில்லை. கதைக்காமலே ஒத்துக்கொண்டோம்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்கிறார்கள். அதற்குப் பிறகு இன்னொரு மருந்து கேட்கும் என்று பெரிதாக நம்புவதற்கில்லை. என்னிடமிருந்து கார் ஓட்டும் உரிமை போனது. தனியாகக் குளிக்கக் கதவைப் பூட்டும் உரிமையும் போனது. இரண்டாவது மருந்து காலத்தில் எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. தேநீரில் சீனி கூடிவிட்டதென்று அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் வேறு ஊற்றி வந்து வைத்தார். "இது மருந்து கதைக்குது. என்ர பிள்ளை பின்னேரம் வரும்," என்றார். தன் வேலைக்குப் போகும் முன் தினமும் என்னை என் வேலைத்தளத்தில் இறக்கிவிட்டார்.

*

வலிப்பு கிளம்பும் இடத்தை உறுதிப்படுத்த, கடலின் மேலுள்ள பெரிய பாலத்தைக் கடந்துபோய் வலிப்பு நோய்க்கான மருத்துவமனையில் படுத்தேன். அங்கே செய்வது நினைத்தால் விசித்திரமான வேலை. மருந்தைக் குறைத்துவிட்டு, வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். தலை முழுவதும் மின்வாய்களைப் பசையால் ஒட்டுவார்கள். நகப்பூச்சு மணக்கும் பசை. அவற்றின் மேல் வெள்ளைத் துணியைச் சுற்றுவார்கள். வயர்கள் எல்லாம் ஒரு பெட்டிக்குள் போகும். அறையின் மூலையில் கமரா.

அப்பா என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றார். "தலைப்பாகையும் வைச்சாச்சு. பொம்பிளை எங்கையாம், மாப்பிளை?"

நான் சிரித்தேன். கமரா அதையும் எடுத்தது. நித்திரையை, சாப்பாட்டை, அழுகையை எல்லாம் எடுத்தது. கழிப்பறைக்குள் கமரா இல்லை. ஆனால் கதவைப் பூட்டக் கூடாது, வெளியே ஒரு தாதி நிற்பார். ஹெலே என்ற தாதி வெளியே நிற்கும்போது காலநிலையைப் பற்றிச் சத்தமாகக் கதைத்துக்கொண்டே இருப்பார். எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதென்று அப்படிச் செய்கிறார் என்று தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் கூச்சமாக இருந்தது.

முக்கியமான சோதனை ஓர் ஊசி. வலிப்பு தொடங்கியவுடனே ஏற்ற வேண்டும். அந்த மருந்து மூளையில் இரத்தம் அதிகமாக ஓடும் இடத்தில் போய்த் தங்கும். பிறகு படமெடுத்தால் வலிப்பு எங்கே தொடங்கியது என்று தெரியும். பிந்தினால் வலிப்பு பரவிவிடும். படத்தில் எல்லா இடமும் கலங்கித் தெரியும். எந்த இடத்தை வெட்டுவது என்று உறுதியாகத் தெரியாமல் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் கத்தியை எடுக்க மாட்டார்கள். ஆகவே ஹெலே ஊசியோடு அடுத்த அறையில் தயாராக இருப்பார். என் வலிப்பின் தொடக்கம் திரையில் உடனே தெரியாத அளவுக்குச் சிறியது என்பதால், பக்கத்தில் இருக்கும் ஆள் முகத்தில் மாற்றம் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும்.

அந்த ஆள் அம்மா. இதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்றுதான் நினைத்தேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். வலிப்பு வந்த எத்தனையோ பேரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து மணியடித்திருக்கிறார்.

மருத்துவர் விளக்கியபோது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த மருந்துக்குள்ள என்ன இருக்கு?"

"மிகச் சிறிய அளவு கதிரியக்கம். ஒரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும்," என்றார் மருத்துவர்.

அம்மா பொத்தானை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த ஊசி மருந்து தயாரித்த நாளிலேயே கெட்டுவிடும். வலிப்பு வராவிட்டால் பின்னேரம் எறிந்துவிடுவார்கள். முதல் முறை அப்படித்தான் எறிந்தார்கள். வீட்டில், வேலையில், சபையில், பஸ்ஸில் எல்லாம் கேட்காமல் வருவது, வா என்று எல்லோரும் காத்திருந்தபோது வரவில்லை. "வீட்டுக்கு ஆக்கள் வந்தா நீ சின்னனில பாட மாட்டாய்," என்றார் அப்பா. "அதே பிடிவாதம்."

இரண்டாம் முறை வந்தது. நான் அறியவில்லை. நினைவு திரும்பியபோது ஹெலே என் கையிலிருந்து ஊசிக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அம்மா சன்னலோரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

*

அடுத்த நாள் மருத்துவரும் ஹெலேயும் என்னைத் தனியாக அழைத்துப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். ஊசி பிந்திவிட்டது, படம் பயன்படாது என்றார் மருத்துவர். ஆனால் வேறொரு விஷயத்துக்கு என் உதவி தேவைப்பட்டது. வலிப்பின்போது நான் ஏதோ பேசுகிறேன். அது உண்மையான சொற்களா, வெறும் ஒலியா என்று தெரிந்தால், வலிப்பு மூளையின் எந்தப் பக்கத்தில் என்பதற்கு அது ஒரு துப்பு.

"இது தமிழா?" என்று கேட்டார்.

திரையில் தலைப்பாகை கட்டிய ஒருத்தி கட்டிலில் இருந்தாள். அவள் வாய் அசைந்தது, சப்புக்கொட்டியது. பிறகு பேசினாள். வேகமாக, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு ஆளிடம் சொல்வதுபோல. வலது கை போர்வையைக் கிள்ளிக்கொண்டிருந்தது. இடது கை மெல்ல மேலே போய் விறைத்து நின்றது.

கோல்டிங் மண்டபம். கூடைப்பந்துக் கோடுகள். இறங்காத கை.

"இல்லை," என்றேன். "தமிழ் இல்லை. டேனிஷும் இல்லை. எந்த மொழியும் இல்லை."

"நன்றி. அது உதவும். உங்கள் அம்மா?" மருத்துவர் பதிவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். "அவர் என்ன சொல்கிறார்?"

அப்போதுதான் நான் திரையின் மற்றப் பக்கத்தைப் பார்த்தேன். என் வாய் அசையத் தொடங்கியதுமே அம்மா நிமிர்ந்துவிட்டார். கண்டுவிட்டார். விரல் பொத்தானில் இருந்தது. நான் பேசத் தொடங்கினேன். அம்மா விரலை எடுத்தார். பொத்தானைக் கட்டிலில் வைத்துவிட்டு எழும்பி நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"பயந்துவிட்டார்," என்றேன். "உதவி கேட்டுக் கூப்பிடுகிறார்."

ஹெலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயந்தவர் மாதிரித் தெரியவில்லையே," என்றார், தன்பாட்டில்.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். இருவருக்குத் தமிழ் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அதுதான் பதிவாகும். 

"இல்லை," என்றேன். "நன்றி சொல்கிறார்."

"யாருக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். சபை, வியாக்கியானம், வைலே எல்லாம். டேனிஷில் அதைச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வசனமும் கோமாளித்தனமாகக் கேட்டது. தமிழில் அது அப்படி இருந்ததில்லை. மருத்துவர் சிரிக்கவில்லை. ஆராதனையில் வந்ததற்கு வீடியோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது. செல்வராணி அன்ரி எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். என் கைபேசியிலும் இருந்தது. அவ்வளவு காலமும் அதை நான் ஒரு பரிசைப்போல அழிக்காமல் வைத்திருந்தேன். முன்பு ஒருமுறை, வலிப்பை யாராவது படமெடுத்திருக்கிறார்களா என்று இதே மருத்துவர் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தேன்.

இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். வாய், வலது கை, இடது கை. அதே ஒழுங்கு.

*

நோயாளிகளின் சமையலறையில் அம்மா தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த பிட்டை மைக்ரோவேவில் சூடாக்கியிருந்தார். நான் உட்கார்ந்தேன். அப்பா கார் நிறுத்துமிடத்தில் யாருடனோ போனில் இருந்தார்.

"ஏனம்மா அமத்தேல்லை?"

"சாப்பிடு, ஆறப்போகுது."

"பாத்தனான் அம்மா. வீடியோ காட்டினவை. நீங்கள் கண்டனீங்கள். விரலும் பட்டனிலதான் இருந்தது."

அம்மா கரண்டியைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய கரண்டி.

"அமத்தினா உடன அவள் ஓடிவந்து உனக்குள்ள கதிர் ஏத்துவாள்," என்றார். "உனக்கு எட்டு வயசில கையெழுத்து வைச்சது நான். அப்பா வேலையில. டொக்டர் பேப்பரை நீட்டினார், நான்தான் வைச்சன். அதாலதான் இப்ப இது வந்ததெண்டு போன வருசம் படம் போட்டுக் காட்டினவர். ஒருக்கா நான் கையெழுத்து வைச்சது போதாதே? திரும்பவும் என்ர கையாலயோ?"

"அப்ப ஏன் கையைத் தூக்கினனீங்கள்?"

அம்மா துடைக்கும் துணியைக் கையில் எடுத்தார்.

"நீ கதைக்கத் தொடங்கினாய். அண்டைக்குக் கதைச்ச மாதிரியே. அப்ப எனக்கு ஒரு ஆறுதல் பிள்ளை. இது வருத்தம் இல்லை, இது கர்த்தர் குடுத்தது, அமத்தத் தேவையில்லை எண்டு." துடைக்கும் துணியை நாலாக மடித்தார். "இல்லத்தில ஒரு கிழவிக்கு இப்பிடி வந்தா நான்தான் முதல் ஆளா பெல் அடிக்கிறனான். எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறாய்? சபையில நீ கதைச்ச அண்டைக்கே உன்ர கையைப் பாத்து எனக்கு இது வலிப்போ எண்டு பட்டது. வாயைத் திறக்கேல்லை. எல்லாரும் அழுது தோத்திரம் சொல்லிக்கொண்டு நிக்கினம். நீயும் எவ்வளவு சந்தோசமா இருந்தனி."

 அம்மா எனக்காக வாயை மூடினார். நான் அம்மாவுக்காகக் கதவைச் சாத்தினேன். இடையில் ஒரு சபையே ஊர் மாறிப் போயிருந்தது.

"நீங்கள் அண்டைக்குக் கையெழுத்து வைக்காட்டி நான் இஞ்ச இருந்து உங்களோட சண்டை பிடிக்க மாட்டன் அம்மா," என்றேன் கடைசியில். "ஒன்பது வயசு வந்திருக்காது."

அப்பா உள்ளே வந்தார். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தார். அவருக்கு ஹெலே சொல்லியிருக்க வேண்டும்.

"இஞ்சேருமப்பா," என்றார் அம்மாவிடம், "வீட்டில உடுப்புத் தோய்க்கிற மெசினில பத்துப் பட்டன். எல்லாம் அமத்துறீர். இஞ்ச ஒண்டே ஒண்டு."

அம்மா அந்தத் துணியால் அவருக்கு அடித்தார். பிறகு அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். அப்பா என் பிட்டைச் சாப்பிடத் தொடங்கினார். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அவர் சாப்பிடுவார்.

*

ஊசி மருந்தை இன்னொரு முறை வரவழைத்தார்கள். பக்கத்தில் இருக்க ஒரு தாதியை வைக்கலாம் என்று ஹெலே மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மா டேனிஷில், "நான் இருப்பேன்," என்றார். இல்லத்தில் வேலை செய்யும்போது பேசும் குரல் அது. வீட்டில் நாங்கள் கேட்பதில்லை.

அதன் பதிவையும் பிறகு பார்த்தேன். கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் வாய் அசையக்கூட இல்லை. கண் ஓர் இடத்தில் நிலைத்ததும் அம்மா அழுத்திவிட்டார். மற்றக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஹெலே சொல்லிக்கொடுத்தபடி, நினைவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சொல்லை உரத்துச் சொன்னார்: மஞ்சள் சைக்கிள், மஞ்சள் சைக்கிள். ஹெலே உள்ளே வந்தார், ஊசி ஏறியது. நான் அந்த மொழியில் பேசத் தொடங்கினேன். அம்மா பொத்தானை இன்னும் அழுத்திப் பிடித்தபடியே இருந்தார், விட்டால் நின்றுவிடும் என்பதுபோல. ஊசி முழுவதும் ஏறிய பிறகுதான் உதடு அசைந்தது. அவர் செபித்தார். அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

படத்தில் ஒரே ஓர் இடம் தெளிவாகத் தெரிந்தது. தழும்பின் பக்கத்தில்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்திய ஞாயிறு, சபையில் சாட்சி நேரத்தில் அம்மா எழும்பினார். என்னை முன்னால் கூப்பிடவில்லை. இருந்த இடத்திலேயே நின்று சொன்னார்: "என்ர பிள்ளைக்கு வலிப்பு. மருந்துக்கு அடங்கேல்லை. சின்னனில கதிர் குடுத்த இடத்தில வந்தது. கோல்டிங்கில அண்டைக்குக் கதைச்சதும் அதுதான். எனக்கு அப்பவே மனசில பட்டது, சொல்லேல்லை. வாற கிழமை தலையைத் திறக்கினம். செபியுங்கோ."

அல்லேலூயா உடனே வரவில்லை. வழக்கமாக உடனே வரும். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பி அம்மாவின் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கடைசி வரிசையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா எழும்பி நின்றார்; சாட்சி நேரத்தில் அவர் எழும்பியதே இல்லை.  செல்வராணி அன்ரி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். எனக்கு அருகில் வந்தவர், "நான் சொன்னதுக்கு நீ வெக்கப்படாதை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் முகமும் சிவந்துதான் இருந்தது.

*

இப்போதைய நிலை இது.

தழும்பையும் அதைச் சுற்றியிருந்த கொஞ்சத்தையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெரிய வலிப்பு வரவில்லை. வயிற்றிலிருந்து எழும்பும் உணர்வு ஒருமுறை வந்து, தொண்டைக்கு வராமல் இறங்கிவிட்டது, அன்றே சொன்னேன். மாத்திரை தொடர்கிறது. பார்வையில் இடப் பக்க மேல் மூலை கொஞ்சம் இல்லை. அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொள்கிறேன். வேலைக்கு அரை நாள் போகிறேன். கார் ஓட்ட இன்னும் அனுமதி இல்லை. குளியலறைக் கதவைப் பூட்டலாம்.

சபை வைலேயில்தான் இருக்கிறது. யாரும் திரும்பிப் போவதைப் பற்றிக் கதைக்கவில்லை. அப்பா ஞாயிறுகளில் காரில் கோல்டிங்குக்குப் போய் சாமுவேல் அங்கிளையும் ஞானம் அன்ரியையும் ஏற்றிவருகிறார். பெற்றோல் மிச்சப் பகிடியை அவர் இப்போது சொல்வதில்லை. நானும் போகிறேன், பின் இருக்கையில். நடந்ததை அவர்களுக்கு நானே சொன்னேன். அங்கிள் தன் முழங்காலைப் பிசைந்துகொண்டு, "அப்ப வடக்கே எண்டது செல்வராணியின்ர சொல்தான்," என்றார். அன்ரி அவரைக் கிள்ளினார். அதற்குப் பிறகு அன்ரி காரில் ஏறியதும் என்னைக் கேட்பது ஒரே கேள்வி.

"இந்தக் கிழமை வந்ததே, பிள்ளை?"

"இல்லை அன்ரி. வரேல்லை."

சாட்சி நேரம் வரும்போது யாரும் என் பக்கம் திரும்புவதில்லை. கவனமாகத் திரும்பாமல் இருக்கிறார்கள். அம்மா எழும்பிய அன்று நான் எழும்பவில்லை. இன்னும் எழும்பவில்லை.